தலைகீழ்ப் பத்து

வினிதாவின் மேலுதட்டில் ஒரு தையல் கோடு உண்டு. மூக்கின் இடது ஓரத்தில் தொடங்கி உதட்டின் சிவப்பில் வந்து முடியும். பிறந்தபோது அந்த இடம் பிளந்திருந்தது. ஒரு வயதாகும் முன்பே அரசாங்க ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டார்கள். கைராசிக்காரர் போட்ட தையல்தான். ஆனாலும் தைத்த துணி தைத்த துணிதானே.

அவள் வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. கிரகணத்தில் பிள்ளைத்தாய்ச்சி கத்தி தொடக்கூடாது என்பது திருவொற்றியூர்க் குப்பத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். அம்மா மங்கம்மாவுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு மீன் விற்கும் கூடையில் வஞ்சிரம் மிஞ்சியிருந்தது. துண்டு போட்டால் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருத்தி வந்து நின்றாள். மங்கம்மா வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வெட்டிக் கொடுத்தாள்.

வினிதா விலங்கியல் படித்தவள். கருவில் முகம் இரண்டு பக்கமிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் சேர்கிறது; மூன்று மாதத்துக்குள் அந்த வேலை முடிந்துவிடுகிறது; சில சமயம் சேராமல் நின்றுவிடுகிறது. "கிரகணம் வந்தப்போ நான் ஏழு மாசம். அதுக்கு ரொம்ப முன்னாடியே என் உதடு பிளந்தாச்சு. உன் கத்திக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்பாள். மங்கம்மா மாத்திரை போட்டுக்கொண்டவள்போலக் கொஞ்ச நாள் சும்மா இருப்பாள். பிறகு ஏதாவது ஒரு கிரகணத்தன்றோ, மகளைப் பார்க்க வந்தவர்கள் போய்ப் பதில் சொல்லாத அன்றோ மறுபடி ஆரம்பிப்பாள். வினிதாவும் மறுபடி சொல்வாள். எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு அலுத்ததில்லை. அம்மாவுக்காக அவளால் செய்ய முடிந்த ஒரே காரியம் அது.

ராயபுரத்தில் ஒவைஸ் பாயின் பழங்காசுக் கடையில் அவளுக்கு வேலை. பில் போடத்தான் சேர்ந்தாள். வந்த காசுகளை லென்சு வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. இப்போதெல்லாம் சந்தேகமான காசு வந்தால் பாயே அவள் பக்கம் தள்ளிவிடுவார். கொரோனாவில் போட்ட மாஸ்க்கை அவள் இன்னும் கழற்றவில்லை. கடையில் யாரும் கேட்பதுமில்லை. அங்கே எல்லோருக்கும் அவள் இரண்டு கண் மட்டுமே.

காசில் வரும் குறை இரண்டு வகை. நாணயச்சாலையில் அச்சு விழும்போதே வந்த குறை ஒன்று. படம் ஓரமாக ஒதுங்கி விழுந்திருக்கும், ஓரம் பிறைபோல வெட்டுப்பட்டிருக்கும், ஒரே படம் இரண்டாகத் தெரியும். இதற்கு விலை உண்டு. குறை பெரிதாகப் பெரிதாக விலையும் ஏறும். இன்னொன்று வெளியே வந்து புழங்கிய பிறகு பட்டது. கீறியது, நசுங்கியது, தண்டவாளத்தில் வைத்துத் தட்டையாக்கியது. இதைக் கொண்டுபோய் டீ குடிக்கலாம், அவ்வளவுதான். பிறவிக் குறை உள்ள காசுக்கும்கூட, அதற்குமேல் கீறல் இருந்தால் தரம் இறங்கும். பளபளக்கட்டும் என்று யாராவது தேய்த்துவைத்திருந்தால் தரம் போடுகிறவர்கள் தர எண்ணே போடமாட்டார்கள். 'தேய்க்கப்பட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டபோது வினிதா மாஸ்க்குக்குள் சிரித்துக்கொண்டாள். பிறவிக் குறைக்கு விலை ஏறும் இடமும் உலகத்தில் இருக்கிறதே என்று.

*

வெற்றியை அவள் முதலில் பார்த்தது திருவொற்றியூர் ஸ்டேஷனில். அவள் பீச் ஸ்டேஷன் வண்டிக்கு நிற்பாள். அவன் எதிர்ப் பிளாட்பாரத்தில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு நிற்பான். எண்ணூரில் கண்டெய்னர் யார்டில் வேலை. பார்த்து, சிரித்து, யார் யாரையோ பிடித்து நம்பர் வாங்கி, பேச ஆரம்பித்தான். பேச்சு ஒரு நிலைக்கு வந்தபோது அவளே சொல்லிவிட்டாள்.

"என் உதட்டுல ஒரு தழும்பு இருக்கு."

"எனக்கு முதுகு பூரா கீது. காட்டட்டா?" என்றான்.

அது பிறவியா என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தன் அம்மாவிடம் அவனே பேசினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவானது.

அன்று காலை மங்கம்மா மகளுக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள். "கேட்டா, தூண்டி முள்ளு கிழிச்சதுன்னு சொல்லு."

"பொய்யிம்மா."

"பொய்யில்ல மே, ஒரு பேச்சு. முள்ளு கிழிக்காத ஒடம்பு இந்தக் குப்பத்துல யாருக்காச்சும் கீதா? முள்ளுன்னா எவளும் கண்டுக்கமாட்டா. பொறவின்னா பேரப்புள்ளைக்கும் வருமான்னு கேப்பா. இன்னா சொல்லுவ?"

வரலாம், வராமலும் போகலாம். அவள் படித்த புத்தகமே அதற்குமேல் எதையும் உறுதியாகச் சொன்னதில்லை.

"நீ ஒண்ணும் பேசாத. வாய மூடிகினு குந்து. நான் பாத்துக்கறேன்."

வந்தவர்கள் மூன்று பேர். வெற்றி, அவன் அம்மா மலர்க்கொடி, தாய்மாமன் பாஸ்கர். வினிதாவின் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். "நீயே பேசி முடிச்சிடு" என்று மங்கம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மாஸ்க் இல்லாத முகத்தை வெற்றி அன்றுதான் முதல்முறை பார்த்தான். பார்த்தவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்வை தழும்பில் நின்று, பிறகு கண்ணுக்குப் போய், அங்கேயே இருந்தது. இவனை விட்டுவிடக்கூடாது என்று வினிதா நினைத்தது அந்த நொடியில்தான்.

மலர்க்கொடி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மோவாயில் ஒரு விரலை வைத்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெளிச்சம் சாய்வாக விழும்படி. வினிதா கடையில் காசைத் திருப்புவது அதே மாதிரிதான்.

"இது பொறவியா, நடுவுல வந்ததா?"

"நடுவுல வந்தது அண்ணி" என்றாள் மங்கம்மா. "தவழற வயசு. அவங்க அப்பா தூண்டிக் கயித்துல சிக்கெடுத்துகினு இருந்தாரு. நான் தண்ணி புடிக்கப் போயிருந்தேன். இது போயி முள்ள எடுத்து வாயில வச்சிகினு, அவரு தெரியாம கயித்த இஸ்துட்டாரு. ஒரே ரத்தம். நான் கொடத்த அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேன்..."

மங்கம்மா சொன்ன அழகில் வினிதாவுக்கே உதடு வலித்தது.

"ஐயோ, கொயந்த" என்று மலர்க்கொடி உச்சுக்கொட்டினாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. தன் மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். "இத்த பாரு. எனக்கும் முள்ளுதான்."

"என் மூக்கப் பாருங்க" என்றார் பாஸ்கர். "இது முள்ளு இல்ல. இவங்க வூட்டுக்காரரு குத்துனது. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே."

"நீ இன்னா சொன்ன அவர? அத்தயும் சொல்லு."

"கறுப்பா கீறாருன்னேன். கறுப்பாத்தானே இருந்தாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். காபி வந்தது. பேச்சு நல்லபடியாகப் போனது. அப்போதுதான் மலர்க்கொடி ரவிக்கைக்குள்ளிருந்து சின்னப் பர்சை எடுத்தாள். பர்சுக்குள் மஞ்சள் துணி. துணிக்குள் ஒரு பத்து ரூபாய்க் காசு.

"நீ காசு கடையிலதானே கீற? இத்த பாத்துச் சொல்லேன். எங்க வூட்டுக்காரரு போய்ச்சேர்றதுக்கு மின்னாடி எனக்குக் குடுத்தது. பேங்குல வாங்கின காசுல வந்துச்சாம். கவுருமெண்டே தப்பா அடிச்சி, அது நம்ம கையில வந்து வியுந்து கீது மலரு, லட்சுமி இது, செலவு பண்ணிடாதன்னாரு. வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம புளி போட்டுத் தேச்சி, பொட்டு வச்சி, சாமிகிட்ட வப்பேன்."

மஞ்சள் வளையம், நடுவில் வெள்ளைத் தட்டு. வெளிவளையம் நேராக இருந்தது. நடுத்தட்டில் இருந்த பத்து மட்டும் தலைகீழாக நின்றது.

வினிதா கைப்பையிலிருந்து லென்சை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். லென்சே தேவையில்லை. பத்து ரூபாய்க் காசில் வளையமும் தட்டும் அச்சு விழுகிற அந்த ஒரே அடியில்தான் ஒன்றாகின்றன. இரண்டின் மேலும் படம் சேர்ந்தே பதிகிறது. நடுத்தட்டு மட்டும் தனியாகத் திரும்பிக்கொள்ள நாணயச்சாலையில் வழியே கிடையாது. வெளியே யாரோ தட்டைத் தட்டிக் கழற்றி, திருப்பி வைத்து, பட்டறை இடுக்கியான வைஸில் கொடுத்து அழுத்தியிருக்கிறார்கள். வளையத்தின் ஓரத்தில் வைஸின் பல் பதிந்த வரிசை இருந்தது. எத்தனையோ வெள்ளிக்கிழமைப் புளியில் அதுவும் மழுங்கிப்போயிருந்தது. மலர்க்கொடியின் புருஷன் விம்கோ நகரில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர் என்று வெற்றி எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது.

நிமிர்ந்தாள். மலர்க்கொடி, பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கும் பிள்ளைபோல வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். வெற்றி தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கம் என்று வினிதா நினைத்தாள்.

"பிறவிதான் அத்தை" என்றாள். "மின்ட்டுல வந்த தப்புதான்."

"பாத்தியாடா பாஸ்கரு! பொய்யி பொய்யின்னியே, பாத்தியா!"

"ஆனா விக்காதீங்க அத்தை. புளி போட்டுத் தேச்சதுனால வெல வராது. தேச்ச காசுக்குத் தரம் போடமாட்டாங்க. வூட்டுலயே வச்சிக்கோங்க. கடைக்கெல்லாம் எடுத்துக்கினு அலைய வேணாம்."

அந்தக் காசு வீட்டைத் தாண்டக்கூடாது என்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே பூட்டு அதுதான். புளி விஷயம் உண்மையும்கூட.

மலர்க்கொடி எழுந்து வந்து இரண்டு கையாலும் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நிச்சயத்துக்கு நாள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று மங்கம்மா வாசல் தெளித்தபோது பாட்டு முணுமுணுத்தாள். அம்மா பாடி வினிதா இதற்குமுன் கேட்டதில்லை.

*

மூன்று நாள் கழித்து மலர்க்கொடி கடைக்கே வந்துவிட்டாள். கூடவே பாஸ்கர். வினிதா உள்ளே காசுப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். குரல் கேட்டுத்தான் வெளியே வந்தாள்.

கடையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பழைய அஞ்சு ரூபாய்க்குப் பத்து லட்சம் தருவதாக யூடியூபில் சொன்னான் என்று ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து, பாயிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, பத்து லட்சம் தரவன் அட்ரஸை வாங்கிக் குடுங்க. நானும் என் கல்லாவோட வந்துடறேன்" என்று அவரை அனுப்பிவிட்டு ஒவைஸ் பாய் திரும்பினார். "சொல்லுங்கம்மா."

மலர்க்கொடி மஞ்சள் துணியைப் பிரித்தாள். "விக்க வரல பாய். இதுக்குக் கண்ணாடிப் பொட்டி போட்டு, சீட்டு ஒட்டித் தருவாங்களாமே, அத்த போட்டுக் குடுங்க. நிச்சயத் தட்டுல வக்கணும். எங்க வூட்டுக்காரரு எனக்குக் குடுத்தது. நான் எங்க மருமவளுக்குக் குடுக்கப்போறேன்." உள்ளேயிருந்து வந்த வினிதாவைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள். "இதோ கீறாளே, இவதான்!"

பாய் காசைக் கையில் எடுத்தார். லென்சைத் தேடக்கூட இல்லை. ஒருமுறை திருப்பிப் பார்த்து, கவுன்டரில் வைத்துவிட்டார்.

"அம்மா, இது மின்ட் எரர் இல்ல. வைஸ்ல வச்சு நடுவுல கழட்டித் திருப்பியிருக்காங்க. பசங்க வெளாட்டு. பத்து ரூபா பத்து ரூபாதான்."

"இன்னா பாய் பேசற? உங்க கடைப் பொண்ணுதான் பாத்துச்சு. லென்சு வச்சிப் பாத்துச்சு. பொறவின்னு சொல்லிச்சு."

வெளியே கண்டெய்னர் லாரி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு துறைமுகம் பக்கம் போனது.

"வினிதா, நீ பார்த்தியா இதை?"

"பார்த்தேன் பாய்."

"தெரியாம சொன்னியா? தெரிஞ்சு சொன்னியா?"

தெரியாமல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஜன்னலில் வெளிச்சம் போதவில்லை, தப்பாகப் பார்த்துவிட்டேன் அத்தை, மன்னிச்சிடுங்க. பாய் திட்டிவிட்டு விட்டிருப்பார். மலர்க்கொடி இரண்டு நாள் அழுதிருப்பாள். நிச்சயம் நின்றிருக்காது. அது வினிதாவுக்கும் அந்தக் கணத்திலேயே தெரிந்தது. ஆனால் அவளிடம் இருந்தது அந்தக் கண் ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் மாஸ்க்குக்குள் வைத்துக்கொண்டு அதை மட்டும்தான் வெளியே காட்டி நடமாடினாள். இவ்வளவு சாதாரணமான போலியில் அது ஏமாந்தது என்று சொல்ல வாய் வரவில்லை.

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

மலர்க்கொடிக்கு முதலில் புரியவில்லை. பாஸ்கர்தான், "பொய்யின்னு தெரிஞ்சே உன்கிட்ட நெசம்னு சொல்லிகீதுக்கா" என்றார்.

"ஏம்மா?" என்றாள் மலர்க்கொடி. கோபமே இல்லாத குரல். "நான் இன்னா நகையா கேட்டேன்? நெசமா பொய்யான்னுதானே கேட்டேன்? பொய்யின்னா பொய்யின்னு சொல்லக்கூடாதா?" கொஞ்ச நேரம் காசையே பார்த்தாள். பிறகு மெல்ல அவள் பார்வை ஏறி மாஸ்க்கில் வந்து நின்றது. "அப்ப அதுவும்?"

வினிதா மாஸ்க்கைக் கழற்றினாள். அந்தக் கடையில் முதல்முறையாக.

"பிறவிதான் அத்தை. முள்ளு இல்ல."

காசு பார்க்க வந்திருந்த ஒருவர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பாமல் பார்த்திருந்தாலே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மலர்க்கொடி காசை எடுத்தாள். எறிவாள் என்று நினைத்தாள் வினிதா. எறியவில்லை. முந்தானையால் ஒருமுறை துடைத்து, மஞ்சள் துணியில் பழையபடியே மடித்து, பர்சுக்குள் வைத்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"பொய்யோ நெசமோ, அவரு குடுத்தது" என்றாள் பாஸ்கரிடம். "வா, போவலாம்."

அவர்கள் போன பிறகு வந்த காசுகளையெல்லாம் பாய் தானே பார்த்து அனுப்பினார். கடை மூடும் நேரத்தில், "கண்ணு தப்பு பண்ணா சரி பண்ணிக்கலாம் பேட்டா" என்றார். "தெரிஞ்சே மாத்திச் சொன்னா, நாளைக்கு எந்தக் காசை நம்பி உன்கிட்ட தள்ளுவேன்? நாளையிலேர்ந்து பில்லைப் பார்த்துக்கோ." கை நீட்டினார். அவள் லென்சை அந்தக் கையில் வைத்தாள்.

*

வெற்றி ராத்திரிவரை போன் எடுக்கவில்லை. பிறகு அவனே கூப்பிட்டான். பின்னால் கிரேன் சத்தம்.

"அம்மா அயுதுகினே கீது."

"நான் வந்து பேசட்டா?"

"வேணாம். வந்தா இன்னும் பேஜாராயிடும்." "உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் காசு, அப்பா பண்ணும்போது நான்தான் புடிச்சிகினு இருந்தேன். பட்டறையில. பத்தாவது படிக்கறப்போ. அம்மாக்கு அன்னிக்கு ஒடம்பு சரியில்ல. சிரிக்க வக்கலாம்னு சும்மா பண்ணாரு. அம்மா நெசம்னு நம்பிடுச்சு. அப்பால அவருக்குச் சொல்ல மனசு வரல."

வினிதாவுக்கு அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணில் வந்தது.

"அப்ப நான் பொய் சொன்னது உனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்த."

"எனக்கு சந்தோசமாதான் இருந்துச்சு வினிதா. அம்மா மனசு நோவக்கூடாதுன்னு நீ பண்ணதுன்னு புரிஞ்சுது."

"இப்ப அதை உங்கம்மாகிட்ட சொல்லேன். அப்பாவும் நீயும் சேந்து பண்ணீங்கன்னு."



"எப்டி சொல்றது? அப்பா பேரு கெட்டுடும்" என்றான். "எனக்கு ஒண்ணும் இல்ல வினிதா. நீ எப்டி கீறியோ அப்டியே... எனக்கு ஓகேதான். ஆனா, பொய் சொல்ற பொண்ணு நம்ம வூட்டுக்கு வேணாம்னு அம்மா சொல்லுது. நான் இன்னா பண்ணட்டும்?"

அவள் போனை வைத்தாள். அதற்குப் பிறகு எதிர்ப் பிளாட்பாரத்தில் அவனைக் காணவில்லை. வேறு நேர வண்டிக்கு மாறியிருக்க வேண்டும்.

விஷயம் குப்பத்துக்கு வந்துசேர ஒரு நாள்கூட ஆகவில்லை. கடையில் நடந்ததற்கு மறுநாளே, வினிதா வேலையிலிருந்து திரும்பியபோது மங்கம்மா அரிவாள்மனையில் கானாங்கெளுத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அவ கேட்டா கேட்டுட்டுப் போறா. நீ எதுக்கு மாஸ்க்க கழட்டுன? முள்ளுன்னே சொல்ல வேண்டிதுதானே?"

"இனிமே யார் வந்தாலும் பிறவின்னே சொல்லும்மா."

"சொல்லுவேன் மே, சொல்லுவேன்!" மங்கம்மாவின் கை நின்றது. "பொறவின்னு சொன்னா அடுத்த கேள்வி இன்னான்னு உனக்குத் தெரியுமா? வயித்துல கீறப்போ உங்கம்மா இன்னா பண்ணான்னு கேப்பாளுங்க. கெரகணத்துல மீனு வெட்டுனேன்னு ஊருக்கெல்லாம் சொல்லட்டா? என் வாயாலயே சொல்லட்டா?"

வினிதா அம்மாவையே பார்த்தாள். தூண்டில் முள் கதை யாருக்காக உண்டானது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

மங்கம்மாவின் குரல் இறங்கியது. கண் கலங்கிவிட்டது. செதிள் ஒட்டிய புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"அன்னிக்கு ஒரு நாளு கத்தி தொடாம இருந்திருந்தா உனக்கு இந்தத் தலையெயுத்து கெடயாது. நான்தான் பண்ணிட்டேன். இல்ல மே? நான்தானே?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். இந்த இடத்தில் மகள் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. கிரகணம் வந்தப்போ நான் ஏழு மாசம். அதுக்கு ரொம்ப முன்னாடியே.

வினிதா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கைப்பையை ஆணியில் மாட்டினாள். அம்மாவின் முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

வினிதா முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.